எட்டு அடி கறுப்பு

ஜெய்புன்னிசாவின் நியான் விளக்குப் பட்டறையில் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தபோது சூசைமாணிக்கத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி எழுத்தாக வளைப்பதில் நாகப்பட்டினத்தில் அவள் கைக்கு ஈடு கிடையாது. அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒருநாள் காலையிலிருந்தே அவர் சரியாகப் பேசவில்லை. மேசைமேல் ஒரு துணிக்கடைப் பை.

"பையில என்னண்ணே?"

"பட்டுப் புடவை மாஸ்டர். நாலு மணி பஸ்ஸுக்கு மன்னார்குடி போறேன். என் வீட்டுக்காரி அருள்மேரி அவ அண்ணன் வீட்டுக்குப் போயி இன்னையோட இருபது நாளாச்சு."

"வீட்டுல சண்டையா?"

"சண்டை போட்டிருந்தாத் தேவலையே. ரசத்தைத் தாளிச்சு இறக்கி வச்சா. 'நான் போறேங்க'ன்னா. போயிட்டா." பையைத் தொட்டுப் பார்த்தார். "முப்பத்திரண்டு வருஷம். அவ கேட்டது எதையும் நான் இல்லைன்னதில்ல. இன்னும் என்ன குடுத்தா திரும்பி வருவா? நீங்களும் பொம்பளைதானே, சொல்லுங்க."

ஜெய்புன்னிசா சுவரோரம் நிறுத்தியிருந்த பலகையைக் காட்டினாள். அதில் 'மருந்தகம்' என்று கண்ணாடிக் குழாய் வளைந்து வளைந்து ஓடியது.

"இதுக்கு டிரான்ஸ்பார்மர் பார்த்து மாட்டுங்க."

"நான் ஒண்ணு கேட்டா நீங்க..."

"பஸ்ஸுக்கு நேரம் இருக்குண்ணே. மாட்டுங்க."

ஆயுசு முழுக்க மின்சாரத்தோடு பழகியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? குழாய் எவ்வளவு நீளமோ அதற்குத் தகுந்த வோல்ட். நூலை எடுத்து எழுத்துகளின் வளைவு நெளிவோடு ஓட்டி அளந்தார். 'ந்'தின் புள்ளியையும் கடைசி 'ம்'மின் புள்ளியையும்கூட விடவில்லை. பதினாறு அடி வந்தது. அலமாரியிலிருந்து ஆறாயிரம் வோல்ட் டிரான்ஸ்பார்மர் பெட்டியை இறக்கி மாட்டி, சுவிட்சைப் போட்டார்.

எழுத்துகள் சிவந்தன. ஆனால் நிலைத்து நிற்கவில்லை. குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல் வெடவெடவென்று நடுங்கின.

"பெட்டி கோளாறு மாஸ்டர்."

"நேத்துதான் சோதிச்சேன்."

"அப்ப குழாய்ல காத்து ஏறியிருக்கும்."

"நான் அடைச்ச குழாய்லயா?" அவள் சிரித்தாள். "அடுத்து என்ன, பலகை கோளாறா?"

அவருக்கு முகம் சிவந்தது. "என் அளவுல தப்பில்ல. நீங்களே பாருங்க. வெளிச்சம் வர்ற இடம் ஒண்ணு விடாம அளந்திருக்கேன்."

அவள் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு பிளேடை எடுத்தாள்.

ஓர் எழுத்து முடிந்து அடுத்தது தொடங்கும்வரை, எழுத்திலிருந்து அதன் புள்ளிவரை, குழாய் அறுபடாமல்தான் ஓடும். படிக்கிறவர் கண்ணுக்கு எழுத்து மட்டும் தெரிய வேண்டும் என்று நடுவில் வரும் குழாய்க்குக் கறுப்பு பெயின்ட் பூசிவிடுவார்கள். இந்தப் பலகைக்குப் பூசியது சூசைமாணிக்கமேதான், போன வாரம். 'ந'வுக்கும் புள்ளிக்கும் நடுவே அந்தக் கறுப்பை ஒரு நகத்தளவு சுரண்டினாள் அவள்.

"இப்பப் போடுங்க."

போட்டார்.

சுரண்டிய இடத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தது. அங்கேயும் அதே நடுக்கம்.

அவர் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்து, யாரும் சொல்லாமலே நூலை எடுத்துக் கறுப்பை மட்டும் அளந்தார். எட்டு அடி. பதினாறோடு சேர்த்தால் இருபத்துநான்கு. ஆறாயிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்பதாயிரம் வோல்ட் பெட்டியை மாட்டினார்.

'மருந்தகம்' அசையாமல் எரிந்தது. அந்த நகத்தளவு இடமும் எரிந்தது.

அவர் பார்வை பலகையை விட்டு, மேசைமேல் இருந்த பைக்குப் போனது.

"முப்பத்திரண்டு வருஷமா என் கண்ணுல படலையே, மாஸ்டர்."

சுரண்டிய இடத்துக்குப் பூசக் கறுப்பு பெயின்டைக் கலக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"படாட்டியும் எரிஞ்சுக்கிட்டுத்தாண்ணே இருந்திருக்கும்."