பூஜையில் உட்கார்ந்த நீதி நூல்

ஆத்தங்கரைக்கோட்டை ராஜா உத்தண்டராயருக்கு ஒரு வியாதி. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. எதற்கெடுத்தாலும் "இது சரியா, தப்பா?" என்று கேட்கிற வியாதி. பாயசத்துக்கு முன்னால் அப்பளம் தின்றால் சரியா? இடது பக்கம் திரும்பிப் படுத்தால் தப்பா?

வைத்தியம் பார்க்க வந்து சேர்ந்தார் பண்டிதர் திரிபுரநாதர். மூக்கால்தான் பேசுவார். "அதாஆவது மகாராஜா, உலகத்திலுள்ள சரி தப்பு அத்தனையும் அடியேன் ஒரே நூலாக எழுதிவிட்டேன்" என்று ஓர் ஓலைக்கட்டை இறக்கினார். அதைத் தூக்கவே இரண்டு ஆள்! அன்றிலிருந்து ராஜா தும்முவதற்கு முன்னால்கூட ஏட்டைப் பிரிக்கச் சொன்னார். பிரிப்பதற்குள் தும்மல் ஓடிப்போகும்.

பண்டிதர் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். நூலை ஏட்டைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். மனப்பாடமாகச் சொல்லி ஓர் எழுத்து பிசகினாலும் மகாபாவம். ஏடு யார் கையில்? பண்டிதர் கையில். அப்புறம் ராஜ்யம் யார் கையில்? சொல்லவா வேண்டும்!

அந்த நூலில் ஓர் ஏடு இப்படிச் சொன்னது: 'ராஜாவின் படகில் வேறு யார் ஏறினாலும் தப்பு. ஏற்றியவன் கை போகும்.'

ஒரு நாள் பண்டிதரே துறைக்கு வந்தார். "டேய், அக்கரையில் விருந்து. ராஜா படகை அவிழ்" என்றார்.

ஓடக்கார வெள்ளையன் தலையைச் சொறிந்தான். "அது தப்புன்னு நீங்கதானே சாமி எழுதியிருக்கீங்க?"

துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பண்டிதரின் மூக்கு மிளகாய்ப் பழமானது. காத்திருந்தார்.

புரட்டாசி வெள்ளம் வந்தது. பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை வெள்ளையன் ராஜா படகில் ஏற்றி அக்கரை மருத்துவச்சியிடம் கொண்டுபோனான். போதாதா?

"விஜயதசமி வரட்டும்டா. ராஜா முன்னால் ஏட்டைப் பிரிக்கிறேன். அப்புறம் எந்தக் கையால் துடுப்புப் போடுகிறாய், பார்க்கலாம்!" என்று கறுவினார் பண்டிதர்.

வெள்ளையன் அரசவை விகடகவி பொன்னுரங்கன் வீட்டுக்கு ஓடினான். ராஜாவையே கிண்டல் செய்துவிட்டுப் பரிசும் வாங்குகிற ஆசாமி அவன். "கையைக் காப்பாத்துங்கண்ணே!" என்று வெள்ளையன் அழ, "போய் நிம்மதியாத் தூங்குடா" என்றான் பொன்னுரங்கன்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. காலையில் ராஜா முதல் காவலாளி வரை எல்லோரும் நூலைக் கும்பிட்டு எழுந்தார்கள். உடனே டாண்! டாண்! டாண்! அரண்மனை ஆராய்ச்சி மணி. அடித்தது சாட்சாத் பொன்னுரங்கன்!

"மகாராஜா! இந்த ஓடக்காரன் உங்கள் படகில் ஆள் ஏற்றிவிட்டான். விசாரியுங்கள்!"

"அண்ணே, நீங்களுமா?" என்றான் வெள்ளையன்.

அந்த ஊர் வழக்கம் என்னவென்றால், மணி அடித்துவிட்டால் தீர்ப்புச் சொல்லும்வரை ராஜா பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது. உள்ளேயோ சுண்டல் தாளிக்கிற வாசனை!

"சீக்கிரம் ஏட்டைப் பிரியும் பண்டிதரே!" என்று ராஜா பறந்தார்.

நூல் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வைத்துக்கொண்டு பூஜையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. பண்டிதர் அதன் கயிற்றில் கை வைத்தார்.

"ஒரு நிமிஷம். பூஜையில் வைத்த ஏட்டை இன்றைக்குப் பிரிப்பது சரியா, தப்பா?" என்றான் பொன்னுரங்கன்.

"தப்பு! மகா தப்பு! என் நூலிலேயே எழுதி…" பண்டிதரின் கை கயிற்றிலிருந்து மெல்ல இறங்கியது. "அதாஆவது, மனப்பாடமாக…"

"மகாபாவம் என்றீரே!" என்று ராஜாவே அதட்டினார்.

"அப்படியானால் நாளைக்கு…"

"நாளை வரை பட்டினியா? நானா? பொன்னுரங்கா, என்னடா செய்வது?"

"நூலைக் கட்டிவிட்டோம். உங்கள் காதை யாரும் கட்டவில்லையே மகாராஜா. அவனையே கேளுங்கள்."

வெள்ளையன் சொன்னான். "வெள்ளமுங்க. என் ஓடத்துல ஓட்டை. அந்தப் பொண்ணு அலறுது. உங்க படகு சும்மா கட்டிக் கெடந்துச்சு. அவுத்துட்டேனுங்க."

"அப்புறம்?" ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்தார்.

"நட்டாத்துல சுழல். படகு திரும்பிடுச்சு."

"ஐயோ! அப்புறம்?"

"எப்படியோ கரை சேர்த்தேன். எறங்குறதுக்குள்ள கொழந்தை பொறந்துடுச்சு."

"அழுததா?"

"ஊரே கேக்குற மாதிரி அழுதுச்சுங்க."

"தாய்?"

"நல்லா இருக்குதுங்க."

"அப்பாடா!" என்று ராஜா பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார்.

"தீர்ப்பு ஆச்சு!" என்று கை தட்டினான் பொன்னுரங்கன்.

"நான் எங்கே சொன்னேன்?"

"தப்பு நடந்திருந்தால் யாராவது 'அப்பாடா' என்பார்களா மகாராஜா?"

ராஜா மீசையைத் தடவினார். "அட, ஆமாம்! அவன் செய்தது சரிதான்!"

பண்டிதர் குதித்தார். "அதாஆவது, நாளை ஏட்டைப் பிரித்தால் அது தப்பு என்றல்லவா சொல்லும்! அப்போது பிசகியது யார்? நூலா, ராஜாவா?"

ராஜாவின் முகம் தொங்கியது.

பொன்னுரங்கன் பணிவாகக் கேட்டான். "பண்டிதரே, காலையில் இந்த நூலுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டோமே, என்ன வேண்டிக்கொண்டோம்?"

"நல்ல புத்தி கொடு தாயே என்று."

"கொடுத்துவிட்டாள். பொழுது சாயும் முன்னே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறீரே, அவள் என்ன நினைப்பாள்?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. தன் முத்துமாலையைப் பொன்னுரங்கன் கழுத்தில் போட்டார். "வெள்ளையா, இனி வெள்ளம் வந்தால் என் படகை அவிழ்க்க ஒருவரையும் கேட்காதே!" என்றார்.

வெள்ளையன் கும்பிட்டான். இரண்டு கையாலும்.