ஒரே இடத்துக்கு இரண்டு தோழிகள்

தூத்துக்குடி ஆய்வுக்கூடம் ஒன்றில் பெர்னதெத், செண்பகவல்லி என்று இரண்டு தோழிகள் வேலை பார்த்தார்கள். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றிய ஆய்வு அது. ஊர் ஊராகப் போய்க் கிணற்று நீரை எடுத்துச் சோதித்தவள் பெர்னதெத். அந்த அளவுகளை வைத்து, பத்து வருடத்தில் உப்பு எந்த ஊர்வரை வரும் என்று கணிக்கும் முறையை உருவாக்கியவள் செண்பகம். மார்ச்சோடு ஆய்வு முடிகிறது. அதன்பின் இருவருக்கும் வேலையில்லை.

நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு என்பது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய நான்கு வருட வேலை. விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைத்து ஆள் எடுப்பார்கள். இருவரும் அதற்குத்தான் முயன்றார்கள். ஒருத்தி விண்ணப்பித்த இடத்துக்கு மற்றவள் விண்ணப்பிப்பதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

பதினோரு இடங்களில் பெர்னதெத்தை வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்போதுதான் கடலோர நிலத்தடி நீர் பற்றிய ஓர் இடம் கண்ணில் பட்டது. அன்றைக்கே விண்ணப்பித்தாள். செண்பகம் விளம்பரத்தைப் படித்துவிட்டு, “நல்ல இடம்டி” என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காணொளியில் நேர்காணல் நடந்தது. கிணறுகளைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பெர்னதெத் தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு ஹனெக்கே என்ற பேராசிரியர், “உங்கள் ஆய்வில் வரும் இந்தக் கணிப்பு முறை அருமை. எப்படி உருவாக்கினீர்கள்?” என்றார்.

அந்த முறை பெர்னதெத்துக்கும் ஓரளவு தெரியும், சமாளித்திருக்கலாம்.

“அது என் தோழி செய்தது” என்றாள்.

“அவர் ஏன் விண்ணப்பிக்கவில்லை?”

தங்களுக்குள் பேசி வைத்திருந்ததைச் சொன்னாள். பேராசிரியர் சொன்னார்: “அது உங்கள் இருவர் விஷயம். வெள்ளிக்கிழமைவரை விண்ணப்பிக்கலாம். அவர் வந்தால் அவரையும் பார்ப்போம்.”

இதைச் செண்பகத்திடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் பெர்னதெத்தால் அப்படி விட முடியவில்லை. புதன்கிழமை மதியம் நேராகச் செண்பகத்தின் மேஜைக்குப் போய், நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“நீயும் போடு. யாரு வேணும்னு அவங்க பார்த்துக்கிடட்டும்.”

“மனசாரச் சொல்லுதியா?”

“மனசாரன்னு சொல்ல மாட்டேன். ஆனா சொல்லுதேன்.”

மறுநாள் செண்பகம் விண்ணப்பித்தாள். மூன்று வாரத்தில் அந்த இடம் அவளுக்கே கிடைத்தது.

பெர்னதெத்தின் அண்ணன் அந்தோணிக்கு ஆறவில்லை. “நீ ஒரு பேச்சுக்குச் சொன்னா, அவ வேண்டாம்னு சொல்லியிருக்கணும்லா? கொடுத்த வாக்கு என்னாச்சு?”

அதைக் கேள்விப்பட்டுச் செண்பகம் வந்தாள். “வேண்டாம்னு எழுதிரட்டுமா?”

“எழுதினா, அதோட நம்ம பேச்சு முடிஞ்சிது” என்றாள் பெர்னதெத்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். செண்பகம் வாக்குத் தவறினாளா? போட்டிக்கு ஆளைத் தானே கூட்டிவந்த பெர்னதெத் ஏமாளியா? அண்ணன் கேட்டதில் நியாயம் உண்டா? இதில் யார் செய்தது சரி?

விடை: செண்பகம் வாக்குக் கொடுத்தது பெர்னதெத்துக்கு. அதிலிருந்து அவளை விடுவிக்கும் உரிமையும் பெர்னதெத்துக்கு மட்டுமே உண்டு, அண்ணனுக்கு இல்லை. வருத்தத்தோடுதான் விடுவித்தாள். ஆனால் யாரும் வற்புறுத்தவில்லை. எதை இழக்க நேரலாம் என்று தெரிந்தே சொன்னாள். ஆகவே செண்பகம் வாக்குத் தவறவில்லை. தோழிகள் இருவர் செய்ததும் சரி, கடினமானதைச் செய்தவள் பெர்னதெத். செண்பகத்துக்கு இடம் கிடைத்த அதே வாரம் பெர்னதெத் நெதர்லாந்தின் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு, ஆற்று வண்டல் பற்றிய இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினாள். மே மாதம் அங்கிருந்து பணி ஒப்பந்தம் வந்தது.