ஆற்றுத்துறையில் இரண்டாயிரம் பேர்

நல்லமங்கைக் குரத்தியாரின் மாணாக்கர்களில் வயதில் மூத்தவர் கண்டன் சாத்தன். குரத்தியாரைவிடவே பன்னிரண்டு வயது மூத்தவர். மலைமேல் இருந்த அந்தச் சமணப் பள்ளியில் பாடம் சொல்லும் பெண் துறவியை எல்லோரும் குரத்தியார் என்றுதான் அழைப்பார்கள்.

சாத்தன் ஒரு காலத்தில் இளவரசர். செங்குன்ற நாட்டை ஆண்ட அவருடைய தகப்பனார் கண்ணை மூடும்போது, முடி இளைய மகனான சாத்தனுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அதற்கு ஒப்பவில்லை. இரண்டு வருடம் சண்டை நடந்தது. தோற்றவர் சாத்தன். தோளில் அம்புக் காயத்தோடு மலையேறி வந்தவரைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். அது நடந்து பதினோரு வருடம் ஓடிவிட்டது.

பள்ளியில் அவருக்குத் தண்ணீர் வேலை. சுனையில் மொண்டு, துணியில் வடிகட்டி, தொட்டியை நிரப்ப வேண்டும். ஆரம்பத்தில் மனம் கசந்துகொண்டேதான் செய்தார். எப்போது பிடித்துப்போனது என்று அவருக்கே தெரியாது.

சித்திரை மாதம் ஒரு காலையில் பூதி வேளான் மலையேறி வந்தார். பழைய சண்டையில் சாத்தனோடு தோளோடு தோள் நின்ற குறுநிலத் தலைவர் அவர்.

"உங்கள் அண்ணன் போய்ச் சேர்ந்து ஏழு நாள் ஆகிறது. அவருடைய பதினேழு வயதுப் பையனைத் தூக்கி அரியணையில் வைத்திருக்கிறார்கள். ஆற்றுத்துறையில் இரண்டாயிரம் பேரோடு வந்திருக்கிறேன். இறங்கி வாருங்கள்."

சாத்தன் உச்சிவேளைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லி அவரைப் பாறை நிழலில் உட்கார வைத்தார். நேரே குரத்தியாரிடம் போனார்.

"அந்த முடி என் தகப்பனார் எனக்குக் கொடுத்தது, குரத்தியாரே. பொய்யில்லை."

"பொய்யென்று நான் சொல்லவில்லையே."

"நான் போகலாமா, கூடாதா?"

குரத்தியார் வெயிலைப் பார்த்தார்.

"ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா?"

"சித்திரையில் ஏது தண்ணீர்? வெறும் மணல்."

"இரண்டாயிரம் பேருக்கும் நா வறண்டிருக்கும். நம்மவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வாரும். மற்றதைப் பிறகு பேசலாம்."

 சாத்தனோடு பள்ளி மாணாக்கர் இருபது பேரும் குடங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

துறையில் மரத்தடி எங்கும் ஆட்கள். ஈட்டிகளைச் சாய்த்து வைத்துவிட்டு மேல்துணியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மழித்த தலையும் வெள்ளை வேட்டியுமாக வந்த சாத்தனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர் ஊற்ற, அவர்கள் கைகளைக் குவித்துக் குடித்தார்கள். தீரத் தீர மற்றவர்கள் மேலேறிக் குடங்களை நிரப்பி வந்தார்கள்.

நரைத்த மீசைக்காரர் ஒருவர் இளவட்டங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம் சாத்தர் கதவு உயரம் இருப்பார். ஒரே வெட்டில் யானையின் துதிக்கை விழுந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்."

அந்தச் சண்டையில் சாத்தன் யானைக்குப் பக்கத்திலேயே போனதில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கும் ஊற்றினார்.

அடுத்து வந்தவன் ஒரு குடியானவன். குடித்து முடித்து வாயைத் துடைத்தான்.

"மலையில்தானே இருக்கிறீர்கள், பெரியவரே. சாத்தர் வருவாரா?"

"வந்தால் உனக்கு நல்லதா?"

"எனக்கென்ன. எங்கள் வேளார் கூப்பிட்டார், வந்தேன். எள்ளுக்காய் வெடிக்கிற பருவம். அறுக்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் மூன்று நாள் போனால் எல்லாம் மண்ணில் கொட்டிவிடும்."

"வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்வது? போன சண்டைக்கு எங்கள் அப்பா வந்தாரே."

"அப்பா எங்கே?"

அவன் கரையைக் காட்டினான். புளியமரங்களுக்குக் கீழே நடுகற்கள் வரிசையாக நின்றன. சிலவற்றில் வில் பிடித்த உருவம், சிலவற்றில் வாள். வரிசை ஆற்றின் வளைவு வரை போய், அதற்கு அப்பாலும் போனது.

அம்பு தைத்த அன்று இந்தத் துறையைத் தாண்டித்தான் சாத்தன் தப்பி ஓடினார். அதன்பிறகு இங்கே வந்ததில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கற்களைப் பார்த்தபடி நின்றார்.

அதற்குள் அவரைத் தேடி பூதி வேளான் இறங்கி வந்துவிட்டார். பார்த்தவுடன் காலில் விழுந்தார்.

"இதென்ன கோலம், இளவரசே?"

மரத்தடிகளில் பேச்சு நின்றது. மீசைக்காரர் குவித்த கையைப் பிரிக்காமல் நின்றார்.

"எழுந்திரு, பூதி. இவர்கள் என் சொல்லைக் கேட்பார்களா?"

"உயிரையே கொடுப்பார்கள்."

"அவ்வளவு வேண்டாம்."

சாத்தன் மணல்மேட்டில் ஏறினார்.

"நான்தான் கண்டன் சாத்தன். முடி என் அண்ணன் மகனிடமே இருக்கட்டும். எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். எள் அறுக்க வேண்டியவர்கள் இப்போதே கிளம்புங்கள்."

யாரும் அசையவில்லை. மீசைக்காரர்தான் கேட்டார்.

"இது ஆணைதானே, ஐயா?"

"ஆணைதான்."

ஈட்டிகளை எடுக்கும் சத்தம் கேட்டது. முதலில் நாலைந்து பேர், பிறகு கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். எள்ளுக்காரன் மணலில் கிட்டத்தட்ட ஓடினான்.

பூதி வேளானின் முகம் சிவந்திருந்தது. "உங்களுக்கு உரிமையானதை இப்படிக் கைகழுவலாமா?"

"நீ இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை," என்றார் சாத்தன்.

பூதி வேளான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்துக் கையை நீட்டினார். குடித்தார். பிறகு சாத்தன் எழுதிக் கொடுத்த ஓலையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அரியணையில் இருந்த பையனுக்கு அதில் இரண்டே வரிகள்: உன் சிற்றப்பன் வரமாட்டான், பயப்படாதே. இங்கே வந்தவர்கள் என்னை நம்பி வந்தவர்கள், அவர்களை ஒன்றும் செய்யாதே.

பொழுது சாய்வதற்குள் சாத்தன் மேலே வந்துவிட்டார். குரத்தியார் பாறை விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நாலு பக்கமும் போகும் வண்டிப் பாதைகளில் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது.

"மனம் எப்படி இருக்கிறது?" என்றார் குரத்தியார்.

"லேசாக இருக்கிறது. ஒரே ஒரு குறைதான்."

"சொல்லும்."

"அரசாளப் பிறந்தவன் என்று சொல்லியே வளர்த்தார்கள். ஒரு நாள்கூட ஆளாமலே கிழவனாகிவிட்டேன்."

குரத்தியார் புழுதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதோ வீட்டுக்குப் போகிறார்களே, அவர்கள் யாருடைய ஆணையில் போகிறார்கள்?"