மேடையில் எடுத்த உறுதிமொழி

மாநிலத் தன்னார்வப் பணி வாரியத்துக்கு நன்கொடை திரட்ட, இயக்குநர் தணிகாசலம் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மனைவி தலைவி, மச்சான் செயலாளர். இருவருக்கும் சம்பளம், கார். வெள்ளத்தில் படகு தள்ளிய தன்னார்வலர்களுக்கு ஒரு கையுறைகூடக் கிடையாது. கேட்டால், "சேவைக்குத்தானே வந்தீங்க?" என்று எரிந்து விழுவார்.

தொடக்க விழாவில், படகு தள்ளிய மரகதவல்லியை மிரட்டினார். "நன்கொடை கொடுக்க வந்திருக்கிறவங்க எங்களை இன்னைக்கே நம்பணும். இல்லேன்னா உன் அடையாள அட்டையைப் பிடுங்கிடுவேன்."

"நம்புவாங்க சார். தன்னார்வலருங்க நாங்க வழக்கமா எடுக்கிற உறுதிமொழியை மேடையில எல்லாரும் எடுத்துடலாம்."

கேமராவைப் பார்த்ததும் மேடையே எழுந்து வலக்கையை நீட்டியது. அவள் சொல்லச் சொல்ல, தணிகாசலம், மனைவி, மச்சான் மூவரும் உரக்கத் திருப்பிச் சொன்னார்கள்: "சம்பளம் வாங்க மாட்டேன். சலுகை எதுவும் ஏற்க மாட்டேன்."

கைதட்டல் அடங்கியதும் மரகதவல்லி தலைவியிடம் மைக்கிலேயே கேட்டாள்:

"ரொம்ப நன்றி மேடம். கார் சாவியைக் கொடுங்க, நிவாரண அரிசி மூட்டை ஏத்தணும்."