சோற்றிலிருந்து எழுப்பாத குருவி

அந்தக் காலத்தில் குருவியும் மனிதனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். இரண்டு பேரில் குருவிக்குத்தான் மரியாதை தெரியும்.

ஆள்காட்டிக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். பொட்டல்காட்டில் நாம் காலை வைத்ததும் கத்தி ஊரையே கூட்டுமே, அதுதான். அன்றைக்கு அதற்கு இந்தப் பெயரும் கிடையாது, இந்தத் தொண்டையும் கிடையாது. மெல்லப் பேசும். ஆடு மேய்க்கிற சடையன் வீட்டு வாகைமரத்தில் குடியிருந்தது. சடையனின் பெண்டாட்டி மூக்காயி, யார் வந்தாலும் முதலில் சோறு போடுவாள், அப்புறம்தான் பேர் கேட்பாள். "சாப்பிடுறவங்கள எழுப்புறது கொலைப்பாவம்" என்று வாய் ஓயாமல் சொல்வாள். கேட்டுக் கேட்டுக் குருவிக்கும் அது மனசில் ஊறிவிட்டது.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஒருவர் தள்ளாடி வந்தார். தோளில் ரத்தம் காய்ந்திருந்தது. போரில் தோற்றுப் பின்வாங்கி வந்த சேனாதிபதி மழவராயர் அவர்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா, உடனே கிளம்பணும். குதிரைக்காரங்க துரத்திட்டு வர்றாங்க. ஆத்துக்கு அக்கரையில என் ஆளுங்க இருநூறு பேர் எனக்காகக் காத்திருக்காங்க."

"தண்ணியாவது! சோறு தின்னு எத்தனை நாளாச்சுய்யா?" என்றாள் மூக்காயி.

"மூணு நாள்."

"அடப்பாவமே! உக்காருங்க. வெறும் வயித்தோட இந்த வாசலத் தாண்ட விடமாட்டேன்."

சடையன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். "ஏ குருவி, நீ உசரத்துல இருக்க. புழுதி தெரிஞ்சா ஒரு குரல் குடு. ஓடை வழியா ஐயாவ நான் ஆத்துக்குக் கொண்டுபோய் விட்டுடறேன்."

மழவராயர் கைகால் கழுவி இலையில் உட்கார்ந்தார். கம்மஞ்சோறும் புளிச்சகீரையும்தான். முதல் வாய் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் மேற்கே புழுதி எழுந்தது. குருவி பார்த்துவிட்டது. வாயைத் திறந்தது. இலையைப் பார்த்தது. மூடிக்கொண்டது. 'இன்னும் ஒரு வாய்' என்று நினைத்தது. ஒரு வாய் ஆனது. மூக்காயி மோர் ஊற்றினாள். 'அந்த மோர்ச்சோறும் ஆகட்டும்' என்று நினைத்தது. அதற்குள் குளம்புச் சத்தம் வேலிக்கே வந்துவிட்டது.

குருவி அலறியது. அலறி என்ன செய்ய?

மழவராயர் எச்சில் கையோடு எழுந்தார். "வீட்டுக்காரங்கள விட்டுடுங்க, நானே வர்றேன்" என்று கத்திக்கொண்டே வேலியைத் தாண்டிப் போனார். குருவி அவர் காலடியில் வந்து விழுந்தது.

"ஐயா, நான் அப்பவே பார்த்துட்டேன். சாப்பிடுறீங்களேன்னு சும்மா இருந்துட்டேன்."

"அழாத. உன் புண்ணியத்துல வயிறாரச் சாப்பிட்டேன்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கரையில என் பிள்ளைங்களும் இந்நேரம் சோறாக்கி உக்கார்ந்திருப்பாங்க. இந்தக் குதிரைக்காரங்க அடுத்து அங்கதான் போவாங்க. அவங்களயாவது எழுப்பிடு."

குருவி பறந்தது. "எழுந்திருங்க! எழுந்திருங்க!" என்று ஆற்றைத் தாண்டிப் போய்க் கத்தியது. அந்த மெல்லிய தொண்டை கிழிந்தே போனது. "சனியன் பிடிச்ச குருவி, ஒரு வாய் தின்ன விடுதா பார்!" என்று திட்டிக்கொண்டே இருநூறு பேரும் இலையை விட்டு எழுந்து காட்டுக்குள் போனார்கள். குதிரைக்காரர்கள் அக்கரை சேர்ந்தபோது சோறு மட்டும் சூடாக இருந்தது. ஒருவர்கூட அகப்படவில்லை.

மழவராயர் திரும்பி வரவேயில்லை. குருவி அழுது அழுது கண்ணோரம் சிவந்தது, அந்தச் சிவப்பு இன்றைக்கும் போகவில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்த மரக்கிளையை அது அப்புறம் மிதிக்கவேயில்லை. வெறும் தரையில்தான் நடக்கிறது, தரையில்தான் முட்டையிடுகிறது.

அன்றைக்குப் பிடித்ததுதான், ஆள் வந்தாலும் மாடு வந்தாலும் அது கத்துகிறது. காட்டிக்கொடுக்கிற குருவி என்று நாம் கல்லை எடுக்கிறோம். அதுவோ, எங்கேயோ யாரோ இன்னும் இலையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து எழுப்பிக்கொண்டிருக்கிறது.