கடைசி அத்தியாயம் இல்லாத நாவல்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

குருவின் பெயர் ஜெசிந்தா. முன்பு பள்ளியில் தமிழ் எடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் டீச்சர். திருச்சியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் சிறுவர் மாத இதழ் ஒன்றை நடத்திவந்தார். சீடர் கதிரேசன் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். வளரும் பிள்ளைகளுக்கான நாவல்களைப் படித்து மதிப்புரை எழுத அவரிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

அந்த இதழில் ஒரு வழக்கம் உண்டு. மதிப்புரையின் கடைசி வரியில், அந்த நாவலைப் பிள்ளைகள் தனியாகப் படிக்கலாமா, பெரியவர் துணையோடு படிக்க வேண்டுமா என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரியை நம்பிப் பல பள்ளிகள் புத்தகம் வாங்கின.

ஒரு வியாழக்கிழமை மாலை கதிரேசன் தம் மதிப்புரையை நீட்டினார். கடலில் காணாமல் போன அண்ணனைத் தேடிப் போகும் சிறுவனின் கதை அது. டீச்சர் நிதானமாகப் படித்து முடித்தார்.

"எந்த இடத்துல சார் பயந்தீங்க?"

"பயமா? எங்கயும் இல்லையே டீச்சர்."

"தம்பி ஒத்தையாத் தோணியில போறான். இருட்டுது. காத்து திரும்புது. உங்களுக்கு ஒண்ணுமே ஆகல?"

"ஆகல. அதான் எழுதியிருக்கேனே. தனியாகப் படிக்கலாம்னு."

டீச்சர் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். அதில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. பிறகு அலமாரியிலிருந்து இன்னும் இரண்டை எடுத்துப் பிரித்தார். அவற்றிலும் அதே இடத்தில் கறை.

"நீங்க திருப்பிக் கொடுக்குற எல்லாப் புத்தகத்துலயும் பஜ்ஜி கடைசிப் பக்கத்துலதான் சார் இருக்கு. முதல் பக்கம் பளிச்சுனு இருக்கு."

கதிரேசன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"கீழ பஜ்ஜிக் கடையில சூடா வாங்கிக்குவேன். பஸ்ல உட்கார்ந்ததும் கடைசிப் பக்கத்தப் பார்த்துடுவேன். பிள்ளை பிழைச்சுக்குமான்னு தெரிஞ்சாத்தான் எனக்கு முதல் பக்கத்துக்கே போக முடியும்."

"அப்போ படிக்கிற பிள்ளைக்கு?"

"அதுங்களுக்கு நான் இருக்கேனே. பயப்படாம படின்னு எழுதிடுறேன்."

டீச்சரின் பென்சில் மதிப்புரையின் கடைசி வரிமேல் கொஞ்ச நேரம் நின்றது. கோடு எதுவும் போடவில்லை.

"தாரணி எப்படி இருக்கா?"

தாரணி கதிரேசனின் ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு.

"இருக்கா. எந்நேரமும் கதவச் சாத்திக்கிறா. கேட்டா ஒண்ணுமில்லங்குறா. வயசு அப்படி."

அடுத்த புத்தகத்துக்காக நீண்ட டீச்சரின் கை, ஒரு தட்டை விட்டு வேறொரு தட்டுக்குப் போனது. புது நாவல் ஒன்று. அதைக் குப்புற விரித்துவைத்து, பிளேடால் கடைசி அத்தியாயத்தை முதுகோரமாக அறுத்து எடுத்தார். அறுத்த தாள்களை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மிச்சத்தைக் கதிரேசனிடம் கொடுத்தார்.

"இதுக்கு எழுதிட்டு வாங்க."

"முடிவு தெரியாம எப்படி டீச்சர் எழுதுறது?"

டீச்சர் அச்சுப்பிழை பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அன்று கதிரேசன் பஜ்ஜி வாங்கவில்லை.

மறுநாள் அவருக்கும் பள்ளிக்கும் விடுமுறை. மனைவி சுமதிக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் டூட்டி. மகள் அறைக்குள் இருந்தாள். கதிரேசன் கூடத்தில் உட்கார்ந்து நாவலைப் பிரித்தார். பழக்கதோஷத்தில் விரல் பின்பக்கம் போய், வெட்டிய ஓரத்தைத் தடவிவிட்டுத் திரும்பியது.

கதையில் ஒரு பெண். பதினான்கு வயது. முகம் தெரியாத ஒருவன் அவளுக்குச் செய்தி அனுப்புகிறான். முதலில் பாராட்டு, பிறகு கேள்வி, பிறகு மிரட்டல். அவள் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள். சாப்பிடும்போது போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறாள்.

கதிரேசன் நிமிர்ந்து பார்த்தார். மேசையில் தாரணியின் தட்டு இருந்தது. தோசையில் ஒரு மூலை மட்டும் பிய்த்திருந்தது. அவள் சாப்பிடும்போது போன் எப்படி இருந்தது என்று யோசித்தார். குப்புறத்தான் இருந்தது. நேற்றும் அப்படித்தான். அதற்கு முந்தைய நாட்களை நினைத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

எழுந்து போய்க் கதவைத் தட்டினார்.

"என்னப்பா?"

"காப்பி போடட்டுமா?"

"வேணாம்."

திரும்பி வந்து படித்தார். வரிகள் ஓடவில்லை. கதைப் பெண் மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அணைப் பக்கம் போகிறாள். போகும்போது தன் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போகிறாள். அவள் அப்பா அந்தச் செருப்பைப் பார்த்து, மகள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்.

அத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது.

கதிரேசன் வாசலுக்குப் போனார். தாரணியின் செருப்பு அங்கே இருந்தது. அதைப் பார்த்தும் நம்பிக்கை வரவில்லை. மறுபடியும் போய்க் கதவைத் தட்டினார்.

"என்னப்பா உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா."

கொல்லைப்புறம் போய் டீச்சருக்குப் போன் செய்தார்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். வீட்டுக்கு வந்துடுறாளா?"

"யாரு சார்?"

"கதையில" என்றார் கதிரேசன் கடைசியில்.

"மதிப்புரையோட வாங்க" என்று டீச்சர் போனை வைத்துவிட்டார்.

கூடத்துக்கு வந்தபோது நாற்காலியில் புத்தகம் இல்லை. தாரணியின் கதவு சாத்தியிருந்தது.

அந்தப் புத்தகம், அந்த அறைக்குள், அவளோடு. தட்டி வாங்கிவிட வேண்டும் என்று போனார். கதவுக்கு முன்னால் கையை ஓங்கியபடி நின்றார். தட்டி என்ன சொல்வது? 'அதப் படிக்காதே' என்றால், 'ஏன்' என்பாள். உள்ளே ஒரு பக்கம் புரளும் சத்தம் கேட்டது. கையை இறக்கிக்கொண்டு கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார். அடுத்த பக்கம் புரளும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே தூறல் தொடங்கி, பிடித்து, விட்டது. பக்கங்கள் புரண்டுகொண்டே இருந்தன. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை.

அவர் எழ நினைத்தபோது கதவு திறந்தது.

"மிச்சம் எங்க?"

"இல்லம்மா."

"கிழிச்சுட்டீங்களா? நான் படிச்சுடக் கூடாதுன்னு?"

"எனக்கே தரல. டீச்சர் அறுத்து எடுத்துப் பூட்டி வெச்சுட்டாங்க."

"பொய். நீங்க கடைசிப் பக்கத்தப் பாக்காம எதத்தான் படிச்சிருக்கீங்க? சினிமாவுக்குப் போறதுக்கு முன்னாடிகூட யார் சாவாங்கன்னு கேட்டுட்டுத்தானே கிளம்புவீங்க."

"இதுல முடியல."

தாரணி அவரைப் பார்த்தாள். அப்பா தரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"பயமா இருக்காப்பா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"இருக்கு" என்றார்.

அவள் வாசற்படியிலேயே நின்றாள். புத்தகத்தின் வெட்டிய ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதைத் தரையில் வைத்தாள். இந்தமுறை திரை மேல்பக்கமாக இருந்தது.

"திட்டக் கூடாது."

"மாட்டேன்."

கதிரேசன் படித்தார். யாரோ அவள் முகத்தை வேறு யாருடைய படத்திலோ ஒட்டியிருந்தான். நாளைச் சாயந்தரத்துக்குள் சொன்ன இடத்துக்கு வராவிட்டால் படம் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் போகும் என்றிருந்தது. அதற்கு மேலே, நேற்றைய செய்தி ஒன்று: 'மஞ்சள் குடை உனக்கு அழகா இருக்கு.'

மஞ்சள் குடை அவர் வாங்கித் தந்தது.

"யாரும்மா இவன்?"

"தெரியாதுப்பா. ஆனா அவனுக்கு என்னைத் தெரியுது."

அவர் திட்டவில்லை. அவளும் எழுந்து போகவில்லை. அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தபோது இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. தாரணி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையும் தூறியது. தாரணி குடையை எடுக்கவில்லை. கதிரேசனும் எடுக்கச் சொல்லவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்கும்போது அவள் அடம்பிடித்தாள்.

"முதல்ல டீச்சர் ஆபீஸ். அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்தாளான்னு தெரியாம நான் ஸ்டேஷனுக்கு வர மாட்டேன்."

கதிரேசன் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறினார். டீச்சர் தனியாக உட்கார்ந்து அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதிப்புரை?"

"எழுதல. அந்த அத்தியாயம் வேணும் டீச்சர். எனக்கில்ல, தாரணிக்கு."

நடந்ததை நின்றபடியே சொன்னார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ஸ்டேஷனுக்குத்தான் போயிட்டிருக்கோம். சுமதி டூட்டி முடிச்சு நேரா அங்க வந்துடுவா. இவதான், முடிவு தெரியாம வர மாட்டேன்னு நிக்கிறா. என்னை மாதிரியே."

டீச்சர் இழுப்பறையைத் திறந்து தாள்களை எடுத்துக் கொடுத்தார். கதிரேசன் வாங்கினார். அவர் விரல்கள் தாமாகவே கடைசித் தாளுக்குப் போயின. அதைப் புரட்டப் போனவரின் கைமேல் டீச்சரின் உள்ளங்கை வந்து அமர்ந்தது.

"தாரணி இப்போ எங்க சார்?"

"கீழதான். மேல வர வெக்கமா இருக்குன்னு பஜ்ஜிக் கடை ஓரமா நிக்கிறா."

"தனியாவா?"