கூப்பிட்டபோது இல்லாதவள்

“என் மேல என்ன தப்பு மேடம்? அதை மட்டும் சொல்லுங்க.”

டாக்டர் பூமிநாதன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வேதவல்லி உட்காரவில்லை. மருத்துவக் கல்லூரியில் பூமிநாதனுக்குப் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்றுவிட்டார். பழைய மாணவன் கூப்பிட்டானே என்று பஸ் ஏறி இந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தார்.

“செத்தது யாரு?”

“பொன்னழகின்னு ஒரு பொண்ணு. எட்டு மாசம். வீட்டிலேயே வலிப்பு வந்து முடிஞ்சிருச்சு. வயித்துல இருந்ததும் சேர்த்து.”

“இங்க வந்தாளா?”

“அதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை வந்தா. டோக்கன் எடுத்தா. பேரைக் கூப்பிட்டப்ப ஆள் இல்லை. பிரஷர் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். பொறுமை இல்லை மேடம். இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கே பொறுமை கிடையாது.”

வேதவல்லி சுவரைப் பார்த்தார். ஒரு கேடயம் மாட்டியிருந்தது. மாவட்டத்திலேயே மிகச் சுத்தமான சுகாதார நிலையம்.

“நாளைக்கு கலெக்டர் விசாரணை. ஆள் பத்தலை, ரோடு சரியில்லை, ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை. எல்லாத்தையும் சொல்லத்தான் போறேன். எதை முதல்ல சொல்றது?”

“குடிக்கத் தண்ணி இருக்கா, பூமி?”

கொடுத்தார். வேதவல்லி முழுவதும் குடித்தார். டம்ளரை நீட்டினார். பூமிநாதன் மறுபடியும் ஊற்றினார். அதையும் குடித்துவிட்டு வேதவல்லி வெளியே நடந்தார்.

“எங்க மேடம்?”

“டோக்கன் எடுக்க.”

பூமிநாதன் சிரித்தார். வகுப்பிலும் இவர் இப்படித்தான். கேட்டதற்குப் பதில் வராது.

வெளியே பெஞ்சு நிறையக் கர்ப்பிணிகள்.

“இன்னைக்கு மாசமா இருக்கிறவங்களுக்குத்தாம்மா,” என்றாள் நர்ஸ். “உங்களுக்கு எத்தனையாவது மாசம்?”

பெஞ்சு சிரித்தது. வேதவல்லியும் சிரித்தார்.

“சுகர் பாக்கணும் தாயி.”

“சரி, உட்காருங்க. கூப்பிடுறப்ப இல்லைன்னா டோக்கன் செல்லாது. மறுபடி கடைசியிலதான். பேரு?”

வேதவல்லி பெயரைச் சொன்னார். பக்கத்தில் ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. பாட்டிலின் மூடி திறக்கப்படவில்லை.

“குடிக்கலையா?”

“வீட்டுக்குப் போயித்தான்.”

அவள் தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தாள். அங்கே பெண்கள் கழிப்பறை. கதவில் தாமரை வரைந்திருந்தது. தாமரைக்கு மேல் பூட்டு தொங்கியது.

வரிசை நகரவேயில்லை. வெயில் பெஞ்சுக்கு வந்தது. வேதவல்லி காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்தார்.

உள்ளே பூமிநாதன் மணியை அடித்தார்.

“வேதவல்லி!” நர்ஸின் குரல் கேட்டது. “வேதவல்லி! யாரும்மா வேதவல்லி?”

நர்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“ஆள் இல்லை சார்.”

“அடுத்த ஆள்.”

அடுத்த பெண் வந்து உட்கார்ந்தாள். பூமிநாதன் அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். காற்றை அடித்தார். பாதியில் கை நின்றுவிட்டது.

வெளியே ஓடி வந்தார். பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது.

“இங்க இருந்த அம்மா எங்க?”

பாட்டில் வைத்திருந்த பெண் மோவாயால் பின்பக்கம் காட்டினாள்.

“கருவக்காட்டுப் பக்கம் ஒதுங்கப் போயிருக்காக சார். வந்துருவாக. டோக்கனைக் கிழிச்சிராதீக.”

அவளே மறுபடி சொன்னாள்.

“பொன்னழகிக்காகவும் இதையேதான் சொன்னோம்.”

“யார்கிட்ட?”

பெண்கள் நர்ஸைப் பார்த்தார்கள். நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

இடிந்த காம்பவுண்டுச் சுவர் வழியாக வேதவல்லி வந்தார். ஒரு காலை ஊன்றாமல் வந்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதத்திலிருந்து முள்ளைப் பிடுங்கினார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க பாத்ரூமைத் திறந்துவிட்டிருப்பேனே மேடம்,” என்றார் பூமிநாதன்.

“எனக்குத் திறப்பே.”

வேதவல்லி டோக்கனைப் பூமிநாதன் கையில் வைத்தார்.

“இது செல்லாதாமே. கடைசியிலயிருந்து உட்காரணுமாம். நான் பஸ்ஸுக்குப் போகணும்.”

“மேடம், நாளைக்கு நான் என்ன சொல்றது?”

“பொறுமை இல்லாதவள்னே சொல்லு. அவ வந்து மறுக்கவா போறா?”

கெந்திக் கெந்திப் படியிறங்கினார். பூமிநாதன் கொண்டுவிடப் போகவில்லை.

தன் அறைக்குத் திரும்பினார். மேசை இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் ஸ்டாம்புகளுக்கு அடியில் சாவி இருந்தது. கேடயத்துக்கான குழு பார்வையிட வருவதற்கு முன் அவரே வாங்கிப் போட்ட பூட்டு. குழு வந்து போனது. கேடயம் வந்தது. சாவி அங்கேயே இருந்தது.

பூட்டு துருவேறியிருந்தது. இரண்டு கைகளாலும் திருகினார்.

உள்ளே வெள்ளை ஓடுகள் பளபளத்தன. வாளியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை. நாற்றமே இல்லை.

அவர் வாசலிலேயே நின்றார். பிறகு விலகிக்கொண்டார்.

பாட்டில்காரப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.